மூப்பர் தாத்தாவின் அடுப்பு

தலைவர்களுக்கும் அறிஞர்களுக்கும் நினைவுக் கட்டுரை எழுத ஆள் உண்டு. ஊருக்கே சோறு வடித்துப் போட்டவருக்கு யார் எழுதுவார்? இவ்வாண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று ஆசிரியர் குழுவினர் கேட்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் ஒரு சமையல்காரர். கூலாயில் எங்கள் தாமானில், எங்கள் வீட்டிலிருந்து நான்காவது வீட்டில் வாழ்ந்தவர். ஒரு சிறிய பாப்டிஸ்ட் தமிழ்ச் சபையின் மூப்பர். 2021ஆம் ஆண்டு தம் 81ஆவது வயதில் காலமானார். தம் பெயர் அச்சில் வருவதை விரும்பாதவர் அவர். ஆகவே நாங்கள் அழைத்தபடியே 'மூப்பர் தாத்தா' என்று இங்கும் எழுதுகிறேன்.

நான் கிறிஸ்துவக் குடும்பத்தைச் சேர்ந்தவள் இல்லை. எங்கள் வீட்டு வரவேற்பறையில் முருகன் படம்தான் இருக்கிறது. அவருடைய சபைக்குள் நான் நுழைந்தது இரண்டே முறை. ஆனாலும் மனிதர்களைப் பற்றி நான் கற்றுக்கொண்டவற்றில் பெரும்பங்கு அவருடைய அடுப்படியிலிருந்து வந்தது.

கூலாய் ஜொகூர் பாருவுக்கு வடக்கே, இரயில் பாதையை ஒட்டிய ஊர். 2008இல் கூலாய்ஜெயா என்ற பெயரில் தனி மாவட்டமாகி, 2015இல் மீண்டும் கூலாய் என்றே பெயர் பெற்றது. ஒரு காலத்தில் சுற்றிலும் இரப்பர்த் தோட்டங்கள். பிறகு செம்பனை வந்தது. பிறகு செம்பனைக் காடுகள் சிலவும் தாமான்களாயின. தோட்டத்து லயங்களிலிருந்து வெளியேறிய தமிழ்க் குடும்பங்கள் இந்தத் தாமான்களின் மலிவு வீடுகளில் குடியேறின. நானும் அப்படி வந்த ஒரு குடும்பத்தின் பிள்ளைதான். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள், அதன்பின் தேசிய இடைநிலைப்பள்ளி, இப்போது பல்கலைக்கழகம். உங்களில் பலர் நடந்து வந்த அதே பாதை.

மூப்பர் தாத்தா 1940இல் ஜொகூரில் ஓர் இரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். தந்தையும் தாயும் பால்மரம் வெட்டியவர்கள். அவருடைய இளமைக்காலம் அவசரகாலத்தோடு கலந்தது. 1948 முதல் 1960 வரை நீடித்த அந்த அவசரகாலத்தில், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்ச் சேராமல் தடுப்பது அரசின் முக்கிய உத்தியாக இருந்தது. அரிசி பங்கிட்டுக் கொடுக்கப்பட்டது. கடையில் விற்கும் தகர டின்களைத் துளையிட்டே கொடுத்தார்கள். நாட்டின் சில பகுதிகளில், வீட்டில் அரிசி வைத்திருப்பதற்கே தடை விதித்துப் பொதுச் சமையற்கூடங்களில் வடித்த சோற்றை மட்டும் வழங்கினார்கள். சோறு ஒரே நாளில் ஊசிவிடும், அரிசியைப்போல் மறைத்துவைத்து அனுப்ப முடியாது என்பதுதான் காரணம். அப்படிப்பட்ட ஒரு சமையற்கூடத்தில்தான், பதினாறு வயதில் விறகு தூக்கும் பையனாகத் தாத்தா வேலைக்குச் சேர்ந்தார்.

"அஞ்சு பேரு வீட்டுக்கு இத்தன கரண்டின்னு கணக்கு. பக்கத்துல துப்பாக்கியோட ஆளு நிப்பான். கைப்புள்ளக்காரி கூட ஒரு கரண்டி கேப்பா. போட முடியாதும்மா," என்று ஒருநாள் சொன்னார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் பின்னாளில் அவர் சமைத்த எந்தப் பந்தியிலும் கரண்டிக் கணக்கு பார்த்ததில்லை. "எத்தன பேருக்குச் சமைக்கணும்?" என்று கேட்பார். 200 பேர் என்றால் 250 பேருக்கு உலை வைப்பார்.

பிறகு தோட்டத் துரையின் பங்களாவில் குசினி உதவியாள். அடுத்துப் பல ஆண்டுகள் ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமையல். வார இறுதிகளில் கல்யாணம், காதுகுத்து, கருமாதி. தாமான் வீதியில் பந்தல் போட்டு, வீட்டின் பின் சந்தில் செங்கல் அடுக்கி, பழைய இரப்பர் மர விறகை எரித்துச் சமைப்பார். அதிகாலை மூன்று மணிக்கே அந்தப் புகை எங்கள் ஜன்னலுக்கு வந்துவிடும். கோழிக்கறி வைப்பதென்றால் மலாய்க்காரர் கடையில் ஹலால் கோழிதான் வாங்குவார். "நம்ம விசேஷத்துக்கு அவங்களும் வருவாங்கல்ல?" என்பார். சைவத்துக்குத் தனி அண்டா, தனிக் கரண்டி. அதில் ஒருநாளும் மாற்றமில்லை.

அவர் பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தது இருபத்து நான்காவது வயதில். நம் நாட்டு பாப்டிஸ்ட் சபைகளின் வரலாற்றில் 1949க்கு ஒரு தனி இடம் உண்டு. சீனாவில் ஆட்சி மாறியபின் அங்கிருந்து வெளியேறிய அமெரிக்க பாப்டிஸ்ட் ஊழியர்கள் சிலர் 1950களின் தொடக்கத்தில் மலாயாவுக்கு வந்தார்கள். 1954இல் பினாங்கில் அவர்களுடைய இறையியல் கல்லூரி தொடங்கப்பட்டது. பெரும்பாலும் சீனர்களிடையே வளர்ந்த இந்தச் சபைகளில் தமிழர்கள் சிறு தொகையினர். பாப்டிஸ்ட் சபையார் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. வளர்ந்த ஒருவர் தாமாக விரும்பி வந்து, தண்ணீரில் முழுவதுமாக மூழ்கி எழ வேண்டும். தாத்தாவை ஓர் ஆற்றில் இறக்கினார்களாம். கரையில் நின்ற சொந்தக்காரர் ஒருவர், "சோத்துக்கு மாறிட்டான்!" என்று சத்தம்போட்டுச் சொன்னாராம்.

அந்தச் சொல் அவர் மனத்தில் கடைசிவரை இருந்தது. 'சோற்றுக் கிறிஸ்தவர்' என்ற ஏச்சு தமிழில் பழையது. பசிக்காக மதம் மாறியவர் என்று பொருள். ஒரு சமையல்காரருக்கு இதைவிடக் கூர்மையான ஏச்சு இருக்க முடியுமா? அதனாலேயே அவர் தமக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தார். அவர் கொடுக்கும் உணவோடு வேதாகமமோ, துண்டுப் பிரசுரமோ, கூட்டத்துக்கு அழைப்போ போகக்கூடாது. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபின், சபையார் அவர் வீட்டில் உணவுப் பொட்டலம் கட்டி வேலையிழந்தவர்களுக்கு அனுப்பினார்கள். சபை இளைஞர் ஒருவர் ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு வசன அட்டை வைக்கலாமே என்றார். தாத்தா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "பசிச்சவன் கையில ரெண்டையும் ஒண்ணா குடுத்தா, அவன் எதுக்குக் கை நீட்டுனான்னு நமக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. தம்பி, இது சோறு மட்டும்," என்றாராம். இதை எனக்குச் சொன்னவரும் அந்த இளைஞரேதான்.

சபையில் அவர் மூப்பர். ஆனால் ஞாயிறு ஆராதனையில் அவரை முன் வரிசையில் பார்க்க முடியாது. கடைவீட்டின் மேல்மாடியில் ஆராதனை நடக்கும். கீழே பின்பக்கத்தில் அவர் மதிய உணவு சமைத்துக்கொண்டிருப்பார். பிரசங்கம் ஜன்னல் வழியாக அவர் காதில் விழும். பாட்டு வரும்போது மட்டும் கையைத் துடைத்துவிட்டு எழுந்து நின்று, உலையைப் பார்த்தபடியே பாடுவார். "மூப்பர் மேல இருக்க வேண்டாமா தாத்தா?" என்று நான் கேட்டபோது, அப்போஸ்தலர் நடபடிகளின் ஆறாம் அதிகாரத்தைப் பற்றிச் சொன்னார். முதல் சபையில் ஏழை விதவைகளுக்கு அன்றாட உணவு கொடுப்பதில் ஒரு பிரிவினர் விடுபட்டுப் போனார்கள். அதனால் முணுமுணுப்பு எழுந்தது. அதைச் சரிசெய்யவே, பந்தி விசாரிக்க ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். 'டீக்கன்' என்ற சபைப் பதவிப் பெயர், பணிவிடை செய்பவர், பந்தியில் பரிமாறுபவர் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இதைப் பின்னாளில் நானே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். "சபையில மொத சண்டையே சோத்துலதான் வந்துச்சும்மா. அதான் அங்க ஒரு ஆளு இருக்கணும்," என்று அவர் அன்று சிரித்தார்.

பல்கலைக்கழகம் வந்தபின், நூலகத்தில் பாப்டிஸ்ட் சபையாரின் வரலாற்றைத் தேடியபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. வில்லியம் கேரியும் அவருடைய கூட்டாளிகளும் வங்காளத்துச் செராம்பூரில் பணியாற்றியபோது அவர்களிடம் முதலில் ஞானஸ்நானம் பெற்ற வங்காளி கிருஷ்ண பால் என்னும் தச்சர். 1800 டிசம்பர் 28இல் ஹூக்ளி ஆற்றில் அது நடந்தது. ஆனால் ஊரைக் கொந்தளிக்க வைத்தது ஆற்றில் நடந்ததன்று. அதற்கு ஆறு நாள் முன்னர், டிசம்பர் 22 அன்று, அவரும் கோகுல் என்ற நண்பரும் வெள்ளைக்காரர்களோடு ஒரே மேசையில் அமர்ந்து சாப்பிட்டார்கள். சாதி போயிற்று என்று பெருங்கூட்டம் திரண்டது. கிருஷ்ண பாலைப் பிடித்து நீதிபதியிடம் இழுத்துச் சென்றது. அன்று அந்த மேசையில் ஒரு கவளம் உண்பது, ஒரு மனிதர் தம் சுற்றத்தையும் பாதுகாப்பையும் இழக்கும் செயலாக இருந்தது. 'சோற்றுக்கு மாறினான்' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்தச் சோற்றுக்கு அவர் கொடுத்த விலை எவ்வளவு!

தமிழ்நாட்டிலும் இதே சிக்கல் இருந்தது. மதம் மாறியவர்கள் பலர் சாதியை விடவில்லை. தேவாலயத்துக்குள்ளேயே தனித்தனி இடங்களில் அமர்ந்தார்கள். 1850இல் சென்னை மிஷனெரிகளின் மாநாடு, தாழ்த்தப்பட்ட ஒருவர் சமைத்த உணவை உண்டு சாதியை விட்டதைக் காட்டாதவருக்கு ஞானஸ்நானம் இல்லை என்று தீர்மானித்தது. லைப்சிக் லுத்தரன் மிஷன் அதை ஏற்கவில்லை. மதத்தை மாற்றிக்கொள்ளத் துணிந்தவர்களும் யார் கையால் உண்பது என்ற இடத்தில் தயங்கி நின்றார்கள் என்பதைத்தான் இது காட்டுகிறது. வள்ளலார் 1867இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கிச் சாதி, சமயம் பாராமல் பசியாற்ற முனைந்தது எத்தகைய சமூகத்தில் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த அடுப்பின் பெருமை இன்னும் விளங்கும்.

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். கப்பலேறிக் கடல் கடந்து வந்தவர்கள் நாம். சாதி கடலில் கரைந்துவிடவில்லை. மானிடவியலாளர் ரவீந்திர ஜெயின் மலாயாத் தோட்டத் தமிழர்களைப் பற்றி எழுதி 1970இல் வெளிவந்த ஆய்வு நூலிலும் தோட்டத்தில் சாதிப் பிரிவுகள் நீடித்தது பதிவாகியிருக்கிறது. என் பாட்டி அந்தத் தோட்ட வாழ்வில் வளர்ந்தவர். மூப்பர் தாத்தா வீட்டோடு இருபது ஆண்டுக்கு மேற்பட்ட பழக்கம். வாசலில் நின்று மணிக்கணக்கில் பேசுவார். ஆனால் அவர் வீட்டுச் சோறு ஒரு பருக்கைகூடப் பாட்டியின் வாயில் பட்டதில்லை. நாங்கள் சாப்பிடுவதைத் தடுக்கவில்லை. தமக்கு மட்டும் "வயித்துக்குச் சேராது", "இன்னிக்கு விரதம்", "இப்பத்தான் சாப்பிட்டேன்". அவர்கள் வேதக்காரர்கள் என்பதால் என்றுதான் சின்ன வயதில் நினைத்தேன். இடைநிலைப்பள்ளிக் காலத்தில் அப்பாதான் தயங்கித் தயங்கி உண்மையைச் சொன்னார். தோட்டத்தில் அவர்கள் லயம் வேறு, நம் லயம் வேறு.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. எங்கள் தாமான் கோவில் திருவிழா அன்னதானத்துக்குப் பெரிய அண்டாக்கள் இரண்டு தேவைப்படும். அவை தாத்தாவினுடையவை. புளி போட்டுப் பளபளவென்று துலக்கி, முதல் நாளே லோரியில் ஏற்றி அனுப்பிவிடுவார். தாம் சமைக்கப் போகமாட்டார். அந்த அண்டாவில் வடித்த சோற்றைப் பாட்டி ஒவ்வோர் ஆண்டும் இலை போட்டுச் சாப்பிட்டார்.

2021 ஜூன் 1இல் நாடு மீண்டும் முழுமையாக அடைக்கப்பட்டது. ஜூன் இறுதியில், உணவின்றித் தவிப்போர் வீட்டு முன் வெள்ளைக் கொடி கட்டுங்கள் என்ற இயக்கம் நாடெங்கும் பரவியது. எங்கள் அப்பா சிங்கப்பூரில் வேலை செய்பவர். 2020 மார்ச்சில் எல்லை மூடியபோது வேலையைக் காப்பாற்ற அங்கேயே தங்கியவர், எங்களை விட்டுப் பிரிந்திருந்தார். அந்த ஜூலையில் அம்மாவுக்குக் கோவிட் தொற்றி, தனிமைப்படுத்தும் மையத்துக்கு அழைத்துப் போனார்கள். வீட்டில் காய்ச்சலோடு நானும் முழங்கால் வலியோடு பாட்டியும். வெளியே போகக்கூடாது என்று உத்தரவு.

நாங்கள் கொடி கட்டவில்லை. ஆனால் மறுநாள் பகல் 12 மணிக்கு எங்கள் கேட்டில் ஒரு தூக்குச்சட்டி தொங்கியது. சோறு, பருப்புச் சாம்பார், உருளைக்கிழங்குப் பிரட்டல், இரசம். நான் சாப்பிட்டேன். பாட்டி ரொட்டியை வரக்காப்பியில் தொட்டுத் தின்றார். மாலையில் தாத்தா தொலைபேசியில் அழைத்தார். "காச்சல் எப்படிம்மா? பாட்டி சாப்பிட்டாங்களா?" என்றார். நான் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே, "சரிம்மா, சரி. ஒடம்பப் பாத்துக்க," என்று வைத்துவிட்டார்.

மறுநாள் கேட்டில் தூக்குச்சட்டியோடு ஒரு பையும் இருந்தது. அதில் கட்டுப் பிரிக்காத இரண்டு கிலோ அரிசிப் பை, பருப்புப் பொட்டலம், உடைக்காத உப்புப் பாக்கெட், புளி, நறுக்காத முழுப் பூசணி. எல்லாம் சமைக்காதவை, கை படாதவை. மேலே ஒரு தாளில் தமிழில் 'பாட்டிக்கு' என்று எழுதியிருந்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. விரதம், வயிற்று வலி என்று பாட்டி சொன்ன ஒவ்வொன்றின் பொருளும் அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. சமைத்த சோற்றுக்குத்தான் தீட்டு, பச்சரிசிக்கு இல்லை என்ற அந்தப் பழைய கணக்கும் அவருக்குத் தெரியும். அந்தக் கணக்கால் தள்ளிவைக்கப்பட்டவர் அவர். 81 வயதில், ஒரு கிழவி பட்டினி கிடக்கக்கூடாது என்பதற்காக அந்தக் கணக்குக்குள்ளேயே இறங்கி வந்து வழி தேடியிருக்கிறார். எனக்கு அவர்மேல் மதிப்பும் வந்தது, கோபமும் வந்தது. ஏன் இப்படிப் பணிந்து போக வேண்டும் என்ற கோபம். இன்றும் அது முழுவதும் ஆறிவிடவில்லை.

பாட்டி அந்தப் பையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பூசணியை நறுக்கிச் சமைத்துச் சாப்பிட்டார். அன்று முழுவதும் அதிகம் பேசவில்லை.

செப்டம்பரில் தாத்தா தூக்கத்திலேயே போய்விட்டார். நம் வழக்கப்படி இறப்பு நடந்த வீட்டில் அடுப்பு எரியாது. எங்கள் தாமானில் அப்படிப்பட்ட ஒவ்வொரு வீட்டுக்கும், இந்து வீடோ கிறிஸ்துவ வீடோ, முதல் காப்பியும் முதல் சோறும் கொண்டுபோனவர் அவர்தான். அவருடைய வீட்டில் துக்கம் நிகழ்ந்தபோது கட்டுப்பாடுகளால் குடும்பத்தார் சிலர் மட்டுமே கூட முடிந்தது. பந்தல் இல்லை, பந்தி இல்லை. காலை நான்கு மணிக்குப் பாட்டி எழுந்து விளக்கைப் போட்டார். சோறு வடித்து, சாம்பார் வைத்து, அந்தத் தூக்குச்சட்டியிலும் இன்னும் இரண்டு சட்டிகளிலும் நிரப்பி என்னிடம் கொடுத்தனுப்பினார்.

இதை நான் பெரிதாகச் சொல்ல வரவில்லை. கொடுப்பது எளிது. கொடுப்பவரின் கையை எந்தச் சாதிக் கணக்கும் தாழ்த்துவதில்லை. வாங்கி உண்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நமக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. பிறர் வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரமாட்டோம். ஒரு மாதம் கழித்து, நினைவுக் கூட்டத்தன்று, தாத்தாவின் மகன் அவருடைய அண்டாவில் சமைத்த காய்கறிப் பிரியாணியை எங்கள் சட்டிகளில் நிரப்பிக் கொண்டுவந்தார். அம்மா எனக்கும் தம்பிக்கும் பரிமாறினார். பாட்டி எழுந்துபோய்த் தம் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். அம்மா ஒரு கணம் தயங்கிவிட்டுப் போட்டார். பாட்டி முழுவதையும் சாப்பிட்டார். கை கழுவும்போது, எங்களைப் பார்க்காமலே, "அவரு கைச்சோறு எப்பிடி இருக்கும்னு தெரியாமலே போயிருச்சே," என்றார். நாங்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நண்பர்களே, பல்கலைக்கழக விடுதியில் நாம் ஒரே சட்டியில் மெகி கிண்டிச் சாப்பிடுகிறோம். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பதில்லை. சாதி ஒழிந்தது என்று பட்டிமன்றத்தில் முழங்கவும் செய்கிறோம். ஆனால் செமஸ்டர் விடுமுறையில் நாம் திரும்பிப் போகும் வீடுகளின் சமையலறையில் அந்தக் கணக்கு இன்னும் இருக்கிறதா என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? பாட்டியைத் திட்டுவதற்காக நான் இதைக் கேட்கவில்லை. இதைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னபோது, "எழுது. நடந்ததுதானே?" என்றவரும் அவர்தான்.

மூப்பர் தாத்தாவின் மகன் இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் சமைக்கிறார். அண்டாக்கள் இரண்டும் ஆண்டுதோறும் கோவிலுக்குப் போய் வருகின்றன. உங்கள் ஊரிலும் இப்படி அடுப்படியில் நின்றே வாழ்ந்த ஒருவர் இருப்பார். அவர் எந்தச் சபையோ, எந்தக் கோவிலோ, எந்த லயமோ. அவர் இருக்கும்போதே அவர் வீட்டுக்குப் போங்கள். போட்டதைச் சாப்பிடுங்கள். முடிந்தால் உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரையும் உடன் அழைத்துப் போங்கள்.